பத்மினிக்கு லோக்கல் ஹெடர் போட்டாச்சு, ஆக்சிஜன் சென்சார எங்க வைக்கிறது?

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, எங்கிட்ட 86 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கு. பழைய மேனிஃபோல்ட கழட்டிட்டு நாலு பைப்பும் ஒன்னா சேர்ற மாதிரி ஹெடர் அடிச்சு போட்டுட்டேன். கார்பரேட்டர் டியூன் பண்ண வைட்பேண்ட் சென்சாரும் (எக்ஸாஸ்ட்ல இருக்குற ஆக்சிஜன வச்சு காத்து-பெட்ரோல் கலவைய அளக்குறது) மீட்டரும் வாங்கி வச்சிருக்கேன். வெல்டர் சைலன்சருக்குப் பின்னாடி வச்சா வேலை ஈஸின்றாரு, மெக்கானிக் முதல் சிலிண்டர் பைப்புலயே வைன்றாரு. எது சரி?"

ரெண்டுமே வேணாம் தம்பி. முதல் சிலிண்டர் பைப்புல வச்சா அந்த ஒரு சிலிண்டர் கதை மட்டும்தான் தெரியும், மத்த மூனும் லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடுதா ரிச்சா (பெட்ரோல் ஜாஸ்தியா) ஓடுதான்னு மீட்டர் சொல்லாது, அதோட அங்க சூடும் ஜாஸ்தி, வைட்பேண்ட்னா பெரும்பாலும் பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார்தான் வரும், அதுக்கு எக்ஸாஸ்ட் கேஸ் சூடு 930 டிகிரிக்கு மேல போகக்கூடாது. சைலன்சருக்குப் பின்னாடி வச்சா வேற பிரச்சினை. ஸ்லோ ஓட்டத்துல வெளிக்காத்து பைப்போட வாய் வழியா உள்ள திரும்பி வரும், நடுவுல இருக்குற ஒவ்வொரு கிளாம்ப் ஜாயிண்டும் கொஞ்சம் காத்து இழுக்கும், மீட்டர் எப்பவும் லீன்னே காட்டும்.

நாலு பைப்பும் சேர்ற கலெக்டர் முடிஞ்ச இடத்துல இருந்து 30லேந்து 60 சென்டிமீட்டருக்குள்ள வைங்க. பத்மினில அது கிட்டத்தட்ட கியர்பாக்ஸ் பக்கம் வரும். நாலு சிலிண்டர் கேஸும் அங்க நல்லா கலந்துடும், வெளிக்காத்தும் வந்து சேராது.

அடுத்து எந்தப் பக்கம் பாத்து வைக்கிறதுன்றது, இதத்தான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. பைப்ப குறுக்குவெட்டா பாத்தா கடிகார முள்ளு 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுல நிக்குற மாதிரி சென்சார் மேல பாத்து இருக்கணும், படுக்க வச்சாலும் வயர் பக்கம் குறைஞ்சது 10 டிகிரியாச்சும் மேல தூக்கி இருக்கணும். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது பைப்புக்குள்ள தண்ணி கோக்கும் பாருங்க, அந்தத் தண்ணி சூடான செராமிக்ல பட்டா விரிசல் விட்டுடும், சென்சார் போச்சு. பைப்போட அடிப்பக்கம் மட்டும் வச்சுடாதீங்க. நம்ம ஏரியால மழைன்னா வியாசர்பாடி சப்வேல தண்ணி நிக்கும், அடில தொங்குற சென்சார் முதல்ல அடிவாங்கும். வச்சுப் பாத்து, 22 ஸ்பேனர் உள்ள போயி திரும்புதா, பாடில இடிக்குதான்னும் பாத்துட்டு அப்புறம் ஓட்டை போடுங்க.

ஓட்டைல வெல்ட் பண்ற பாஸ், அதாவது சென்சார திருகுற மரை வளையம், எம்18, 1.5 பிட்ச் மரை. ஸ்டெயின்லெஸ்ல வாங்குங்க இல்ல லேத்துல கடைஞ்சுக்கோங்க, கடல் காத்துக்கு சாதா இரும்பு மரை சீக்கிரம் பிடிச்சுக்கும், அப்புறம் கழட்ட முடியாது. ஆர்கான் வெல்டிங் பண்ணச் சொல்லுங்க, சுத்தி ஃபுல்லா ஓட்டணும், நாலு இடத்துல மட்டும் பொட்டு வச்சு விடக்கூடாது. வெல்ட் பண்றப்ப உங்க புது சென்சார உள்ள வைக்காதீங்க, பழைய செத்த சென்சாரோ அதே மரை போல்ட்டோ போட்டு வச்சா மரை நெளியாது.

இப்ப முக்கியமான விஷயம், லீக். எக்ஸாஸ்ட் அடி அடியா வரும், ரெண்டு அடிக்கு நடுவுல பைப்புல பிரஷர் குறையும், அந்த நேரத்துல ஹெடர் பிளேன்ஜ் கேஸ்கெட்ல மயிரிழை சந்து இருந்தாலும் காத்த உள்ள உறிஞ்சிடும். சென்சார் ஆக்சிஜனத்தான் பாக்கும், அது எங்கேந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. மீட்டர் லீன்னு காட்டும், நீங்க பெரிய ஜெட் (கார்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை) போடுவீங்க, பிளக்கு கருத்துப் போகும், பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயில கழுவிடும், ரிங் தேயும். அதனால வண்டி ஆறி இருக்கும்போது வேக்குவம் கிளீனர் காத்து விடுற பக்கத்த பின் பைப்புல துணி சுத்தி சொருகிட்டு, பிளேன்ஜ், கலெக்டர், ஜாயிண்ட் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவுங்க, சென்சாருக்கு முன்னாடி எங்க முட்டை விட்டாலும் அத முடிச்சுட்டுதான் ஜெட் பக்கம் போகணும். அடைக்க சிலிக்கான் பேஸ்ட் போடாதீங்க, அந்தப் புகை சென்சார கொன்னுடும். ஒரு சிலிண்டர் சரியா எரியாம மிஸ் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வெளிய வந்து லீன்னே காட்டும், அதனால பிளக், பாயிண்ட், டைமிங் முதல்ல சரி பண்ணிக்கோங்க.

வயர் பத்தலன்னு கனெக்டர வெட்டி ஒட்டிடாதீங்க. எல்எஸ்யூ 4.9ல அந்த சென்சாரோட அளவ சரிபண்ற ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளதான் இருக்கு. எக்ஸ்டென்ஷன் கேபிள் தனியா வாங்கிக்கோங்க. இன்ஜின் ஓடுறப்ப சென்சாருக்குள்ள இருக்குற ஹீட்டருக்கு கரண்ட் கண்டிப்பா இருக்கணும், கரண்ட் இல்லாம எக்ஸாஸ்ட்ல சும்மா கிடந்தா கரி பிடிச்சுடும்.

டியூன் பண்ணும்போது 14.7ன்னு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தன பங்கு காத்துன்ற எடைக் கணக்கு) பாக்காதீங்க, மீட்டர லாம்ப்டாக்கு மாத்திடுங்க, அதுல 1க்குக் கீழ போனா ரிச், மேல போனா லீன். இப்ப பங்க்ல வர்றது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), அதுக்கு முழுசா எரியிற கணக்கு 13.5 பக்கம், ஆனா லாம்ப்டா 1ன்றது எந்த பெட்ரோலுக்கும் ஒன்னுதான். 86ல போட்ட ஜெட்டு ஈ20க்கு தானாவே லீனா போகும், அதனால பெரிய ஜெட் வேணும்னு மீட்டர் சொன்னா ஆச்சரியப்படாதீங்க. ஐடில்ல 0.90லேந்து 0.95, ஒரே ஸ்பீடுல போறப்ப 0.95லேந்து 1, ஃபுல் ஆக்சிலேட்டர்ல 0.87 பக்கம் வந்தா போதும். ஃபுல் ஆக்சிலேட்டர் ரீடிங் எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நடுவுல எடுக்காதீங்க, விடியக்காலைல காலியா இருக்கும்போது போங்க, பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு அவர மீட்டர பாக்கச் சொல்லுங்க, நீங்க ரோட்ட பாருங்க.

டியூன் முடிஞ்சதும் சென்சார கழட்டி எடுத்து வச்சுட்டு, மரைல கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி ஒரு பிளக் போட்டு மூடிடுங்க. கார்பரேட்டர் வண்டிக்கு அது நிரந்தரமா தேவையில்ல.