வாசகர் கேள்வி பதில்: நெட் ஓடுது, அந்த ஒரு சைட் மட்டும் ஏன் வரல?

கேள்வி: ரெண்டு நாளா ஒரே ஒரு சைட் மட்டும் திறக்கல, மத்ததெல்லாம் பறக்குது. பக்கத்து வீட்ல வேற கம்பெனி கனெக்‌ஷன், அதுல அதே சைட் நல்லா வருது. கஸ்டமர் கேர்ல கேட்டா "எங்க பக்கம் ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்"ங்கறாங்க. எல்லாரையும் எல்லாரோடவும் இணைக்கறதுதானே இன்டர்நெட்?

பதில்: அவங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம், அதான் கடுப்பே. இன்டர்நெட்னு தனியா ஒண்ணு எங்கயும் ஓடல, 70,000-க்கும் மேல நெட்வொர்க்குகள் ஒண்ணோட ஒண்ணு பேசி வச்சுக்கிட்ட ஏற்பாடுதான் அது. ஏற்பாடு ரெண்டு விதம். டிரான்சிட்னா பெரியவனுக்குக் காசு கொடுத்துடறோம், உலகம் பூரா கொண்டு போய் சேர்க்கறது அவன் பொறுப்பு. பியரிங்னா உன் கஸ்டமருக்கு நான் நேரா அனுப்பறேன், என் கஸ்டமருக்கு நீ அனுப்பு, பெரும்பாலும் பணம் கை மாறாது.

இதுல நிறைய பேர் கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு. நான் உங்களோட பியர், நீங்க இன்னொருத்தரோட பியர், ஆனா உங்க வழியா நான் அவர்கிட்ட போக முடியாது. ரெண்டு பக்கமும் உங்களுக்குக் காசு தரல, அந்த சுமைய நீங்க எதுக்கு சும்மா தூக்கணும்? சின்ன கம்பெனிக்கு ஒரு பியர் போனா கவலையில்ல, டிராஃபிக் (போற வர்ற டேட்டா) டிரான்சிட் வழியா சுத்தி வந்துடும். உச்சியில இருக்கற டயர்-1 கம்பெனிங்க யார்கிட்டயும் டிரான்சிட் வாங்கறதில்ல, எல்லாரும் எல்லாரோடவும் பியர் பண்ணியே ஆகணும், அங்க ஒரு இழை அறுந்தா சுத்திப் போக வழியே கிடையாது.

2005 அக்டோபர் 5-ல இதான் நடந்துச்சு. டிராஃபிக் ஒருதலையா இருக்கு, இலவசம்லாம் கட்டுப்படியாகாதுன்னு லெவல் 3-ங்கற பெரிய அமெரிக்க நெட்வொர்க் கம்பெனி, கோஜென்ட்ங்கற இன்னொரு அமெரிக்க நெட்வொர்க் கம்பெனியோட பியரிங்க நிறுத்திட்டாங்க. கேபிள் எதுவும் அறுந்து போகல, ரூட்டர்ல சில வரி மாறுச்சு, அவ்ளோதான், கோஜென்ட் மட்டும் வச்சிருந்தவங்களுக்கு லெவல் 3 மட்டும் வச்சிருந்தவங்க காணாம போயிட்டாங்க. கோஜென்ட் சும்மா இருக்கல, அப்படி மாட்டிக்கிட்ட லெவல் 3 கஸ்டமருக்கு ஒரு வருஷம் ஃப்ரீ கனெக்‌ஷன்னு அறிவிச்சுது (வியாபாரம்னா இது!). சில நாள்ல தற்காலிகமா திறந்தாங்க, மாசக் கடைசியிலதான் ஒப்பந்தம் ஆச்சு.

உங்க கேஸ்ல ட்ரேஸ்ரூட் (டேட்டா எந்தெந்த ரூட்டர் வழியா போகுதுன்னு வரி வரியா காட்டற கட்டளை) போட்டுப் பாருங்க. நாலஞ்சு வரி ஒழுங்கா வந்து, உங்க கம்பெனி எல்லைக்கு அப்புறம் கடைசி வரைக்கும் பதிலே இல்லாம வெறும் நட்சத்திரக் குறியா (*) வந்தா சந்தேகம் பியரிங் பக்கம்தான். விபிஎன் போட்டா சைட் வருதான்னும் பாருங்க, அது மூணாவது நெட்வொர்க் வழியா போகுது. இந்த ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நெட்வொர்க் டீமுக்கு அனுப்பச் சொல்லுங்க, ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்ற ஆள்கிட்ட மல்லுக்கட்டாதீங்க. ஒரேயடியா பியரிங்தான்னு சாதிக்காதீங்க, டிஎன்எஸ் (சைட் பேர வச்சு அதோட முகவரி எண்ணக் கண்டுபிடிக்கற ஏற்பாடு) கோளாறாவும் இருக்கும், தடை பண்ணதாவும் இருக்கும்.

கேள்வி: இவ்ளோ பெரிய விஷயம், எழுத்துல ஒப்பந்தம் போட்டிருப்பாங்கல்ல? கோர்ட்டுக்குப் போக முடியாதா?

பதில்: சிரிக்காதீங்க. 2011-ல பாக்கெட் கிளியரிங் ஹவுஸ்ங்கற இன்டர்நெட் ஆய்வு அமைப்பு 1,42,000-க்கும் மேல பியரிங் ஏற்பாடுகள விசாரிச்சப்ப, எழுத்துல இருந்தது நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல, அரை சதவீதம்தான். மிச்சமெல்லாம் ஒரு மெயில், ஒரு கைகுலுக்கல். பியர் பண்ண மாட்டேன்னு ஒருத்தர் சொல்லிட்டா பெரும்பாலும் கெஞ்சத்தான் முடியும். 2009-ல ஹரிக்கேன் எலெக்ட்ரிக்ங்கற நெட்வொர்க் கம்பெனி நிஜமாவே கெஞ்சுச்சு, நெட்வொர்க் இன்ஜினியர்கள் கூட்டத்துக்கு ஒரு பெரிய கேக் கொண்டு வந்து, ஐபிவி6-ல (இன்டர்நெட் முகவரிகளோட புது முறை) எங்களோட பியர் பண்ணுங்க கோஜென்ட்னு அதுமேல க்ரீம்ல எழுதியிருந்தாங்க. கேக் காலியாகி பல வருஷம் கழிச்சும் அந்த பியரிங் மட்டும் வரவே இல்ல.