பொறுப்பு ஒருவரிடம், முடிவு வேறொருவரிடம்

அன்புள்ள ஐயா,

சைபர் பாதுகாப்புத் துறையில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களோடு நீங்கள் நடத்திவரும் உரையாடல்களைத் தவறாமல் படிக்கிறேன். பேசுபவர் வங்கியைச் சேர்ந்தவரானாலும் மருந்துத் தொழிற்சாலையைச் சேர்ந்தவரானாலும், ஆள் போதவில்லை, பணம் ஒதுக்குவதில்லை, நிர்வாகத்துக்குப் புரியவில்லை என்ற மூன்றையே சொல்கிறார்கள். நான் கடலூரில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடமும் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் கணக்கு பிசகினால் தணிக்கையில் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. இவர்கள் சொல்வது உண்மையா, சாக்குப்போக்கா? காலாப்பட்டில் படிப்பை முடித்த என் மகனுக்குச் சென்னையில் ஒரு சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிஃப்ட் வேலை கிடைத்திருக்கிறது. தெரிந்தே இப்படி ஒரு துறைக்கு அவனை அனுப்பலாமா?

ஒரு வாசகி,
புதுப்பாளையம், கடலூர்

அன்புள்ள அம்மா,

சாக்குப்போக்கு என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் சொல்லும் மூன்று குறைகளும் உண்மை. ஆனால் அந்த மூன்றுக்கும் அடியில் ஒரு குறை இருக்கிறது. அதை அவர்கள் எல்லோரும் தயங்கித் தயங்கியே சொன்னார்கள். பாதிப்பு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தின் சைபர் பாதுகாப்புத் தலைவர். அந்தப் பாதிப்பைத் தடுக்கும் முடிவை எடுக்க வேண்டியவரோ வேறொருவர்.

புதுச்சேரியை அடுத்த ஒரு தொழிற்சாலையில் இதை நேரில் பார்த்தேன். மாத்திரை தயாரிக்கும் இயந்திரம் ஒன்றை இயக்கும் கணினியில் இன்றும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. மென்பொருளில் கை வைத்தால் இயந்திரத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறார் அதை விற்றவர். உற்பத்தியை நிறுத்த முடியாது என்கிறார் உற்பத்தி மேலாளர். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் கடவுச்சொல் எழுதப்பட்டிருந்தது, மூன்று ஷிஃப்டுக்கும் அதே ஒன்று. யுஎஸ்பி துளையை மட்டும் பட்டை ஒட்டி மூடி, அதன்மேல் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார் பாதுகாப்புத் தலைவர். யாரிடமும் அனுமதி கேட்காமல் அவரால் செய்ய முடிந்த வேலை அந்தப் பட்டை ஒன்றுதான்.

2017 மே 12 அன்று தொடங்கிப் பல நாடுகளின் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற தீநிரலை (தீங்கு செய்யும் மென்பொருளை) நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம் (பேட்ச்) மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தும் எத்தனையோ இடங்களில் அது போடப்படவில்லை என்றால், ஓட்டை இருப்பது தெரியாமல் போனது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பேட்ச் போடுவதற்கு இயந்திரத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வேண்டும். இந்த முரணை ரிசர்வ் வங்கி புரிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதல் தருகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் அதன் விதிகள், தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவருக்குக் கீழே நேரடியாக இருக்கக் கூடாது என்றும், அவருக்கு வணிக இலக்குகள் எதுவும் தரக் கூடாது என்றும் வணிக வங்கிகளுக்குச் சொல்கின்றன. தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இப்படித் தெளிவான ஒரு விதி வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் மகன் செய்யப்போகும் வேலைக்கு நெருக்கமான ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2013இன் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்ற பல்பொருள் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. குளிர்சாதன வேலைகளைச் செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு திருடர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். அவர்கள் வைத்த தீநிரலைப் பெங்களூரில் இரவும் பகலும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்புக் குழு கவனித்து, மினியாபோலிஸில் இருந்த தலைமையகத்துக்குத் தெரிவித்தது. அங்கே உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஆள் இருந்தது, கருவியும் இருந்தது. பார்த்தவர்களிடம் தடுக்கும் அதிகாரம் இல்லை. ஓர் இரவில் திரையில் வந்து விழும் நூற்றுக்கணக்கான அலர்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. உண்மையானதை அவற்றிலிருந்து பிரித்தெடுத்து மேலே அனுப்பிய பிறகும் பதில் வராமல் போனால், இளைஞர்கள் சலித்துப்போய் வேலையை விடுகிறார்கள். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்கிறோம்.

அதிகாரம் இல்லாமல் பழியை மட்டும் சுமப்பவர் பேசத் தயங்குவார். ஊபர் நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன், 2016இல் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டதை அரசின் விசாரணை அமைப்பிடமிருந்து மறைத்ததற்காக 2022 அக்டோபரில் குற்றவாளி என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தீர்ப்பானது. அடுத்த ஆண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பைத் தண்டனையாகப் பெற்றார். மறைத்தது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வழக்கிலிருந்து பாதுகாப்புத் தலைவர்களில் பலர் எடுத்துக்கொண்ட பாடம், உடனே சொல்லிவிட வேண்டும் என்பதைவிட எதையும் எழுத்தில் வைக்கக் கூடாது என்பதாகவே இருக்கிறது. இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கடலூரில் இருக்கும் உங்களுக்கு இதை எளிதாகச் சொல்ல முடியும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். படகை இழுத்துக் கட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் அதைக் கொண்டே முடிவெடுக்கிறார்கள். சைபர் தாக்குதலில் கூண்டு ஏறுவதே இல்லை. இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த ஆணைப்படி, தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பொதுவான எச்சரிக்கைகளை வெளியிடுகிறார்கள். ஆனால் யாருக்கு, எந்த வழியாக, எதனால் நேர்ந்தது என்ற முழு விவரம், அதே மென்பொருளை வைத்திருக்கும் பக்கத்து நிறுவனத்துக்கு அநேகமாக வந்து சேர்வதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினிப் பிணையத்தில் (நெட்வொர்க்) தீநிரல் புகுந்த செய்தி 2019 அக்டோபரில் கசிந்தபோதுகூட, முதலில் மறுப்பு வந்தது, மறுநாள்தான் ஒப்புதல் வந்தது.

வேறு விதமாகவும் நடந்துகொள்ளலாம் என்பதற்குப் பிரிட்டிஷ் நூலகம் சான்று. பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடுபவர்கள் அதை நன்றாக அறிவார்கள். 2023 அக்டோபரில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரால் முடங்கிய அந்த நூலகம், கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை. 2024 மார்ச்சில், தன் பக்கத்துக் குறைகளைத் தானே விரிவாக எழுதி, யாரும் படிக்கலாம் என்று வெளியிட்டது. கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு சர்வர் வழியாகத் தாக்குதல் நுழைந்திருக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. அப்படி எழுத அனுமதிக்கும் ஒரு நிர்வாகக் குழுவை நம் நிறுவனங்கள் எதிலாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது.

உங்கள் சங்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் எனச் சுமார் 300 சிறு வங்கிகளுக்கு மென்பொருள் சேவை தந்துவந்த சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ அந்த நிறுவனத்தைத் தன் பிணையத்திலிருந்து உடனே துண்டித்தது. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யுபிஐ வழியாகப் பணம் அனுப்ப முடியவில்லை. ஆனால் தாக்குதல் நாட்டின் மற்ற வங்கிகளுக்குப் பரவவில்லை, மறுநாளே இணைப்பும் திரும்பியது. துண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் அதைத் தயங்காமல் பயன்படுத்தியதால் கிடைத்த பயன் இது.

ஆகவே மகனை அனுப்புங்கள்; தேவையான வேலை, மதிப்புள்ள வேலை. சேரும் முன் அவர் மேலாளரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவு பெறட்டும்: இரவு இரண்டு மணிக்குத் தாக்குதல் உறுதியானால், ஒரு கணினியைப் பிணையத்திலிருந்து துண்டிக்க ஷிஃப்டில் இருப்பவருக்கு அனுமதி உண்டா, இல்லை மின்னஞ்சல் அனுப்பிவிட்டு விடியும் வரை காத்திருக்க வேண்டுமா? எழுத்தில் அனுமதி தரும் இடமென்றால் அங்கே அவர் நிறையக் கற்றுக்கொள்வார். உங்கள் சங்கத்தின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நீங்களும் இதையே கேட்கலாம். அதோடு, பேக்கப்பாக எடுத்து வைத்த பிரதியிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துச் சோதித்துப் பார்த்தது கடைசியாக எப்போது என்றும் கேளுங்கள். எடுத்து வைத்த தேதியை மட்டும் சொன்னால் விடாதீர்கள்.