அந்தத் துணிகளைத் துவைத்தவர் எங்கே?

வாசகர் கேள்வி: நான் பாளையங்கோட்டையில் பிறந்து, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். பதினான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். எங்கள் ஊரில் தமிழ்ச் சபை இல்லாததால் பக்கத்திலுள்ள எபிஸ்கோபல் (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபை) ஆலயத்தில் சேர்ந்து, நான்கு ஆண்டுகளாக ஆல்டர் கில்டில், அதாவது பீடத்தை ஆயத்தம் செய்யும் குழுவில், ஊழியம் செய்கிறேன். சாம்பல் புதன் வந்துவிட்டால் எனக்கு ஓய்வே இல்லை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலத்து சூப் விருந்து, குருத்தோலை ஞாயிறு, பரிசுத்த வாரம், ஈஸ்டர் லில்லிப் பூக்கள் என்று ஓடி முடித்து, இப்போது மே மாதத்துப் பழைய பொருள் விற்பனைக்கும் உணவு வங்கிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். பீடத்துத் துணிகளைப் பற்றி மட்டும் கவலை இல்லை. அவற்றை என் அத்தை (கணவரின் தாயார், 78 வயது) வீட்டிலேயே துவைத்து இஸ்திரி போட்டுத் தந்துவிடுவார்கள். நான் ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவதால் அவர்கள் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதில்லை, ஆகவே நேரம் இருக்கிறது. இப்போது குருவானவர், ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு நற்கருணை (ஆராதனையில் பகிரும் அப்பமும் திராட்சரசமும்) கொண்டுசெல்லும் பயிற்சியில் சேரச் சொல்கிறார். கணவரோ, "வீடா, ஆலயமா, முடிவு செய்" என்கிறார். இது ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரிக்கு, இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சிலருக்கு ஆலயம், சிலருக்குக் கோயில், சிலருக்குத் தமிழ்ப் பள்ளி, சிலருக்குச் சங்கம்; பொதுப்பணியின் பெயர் மாறுகிறதே தவிர, வீட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் மாறுவதில்லை. ஆகவே, உங்கள் மனம் நல்ல மனம், கணவர்தான் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வியைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வாக்கியங்களிலேயே என் கண் நின்றுவிட்டது. பீடத்துத் துணிகளை அத்தை துவைத்துத் தருகிறார்கள், அவர்கள் ஆலயத்துக்கு வருவதில்லை, ஆகவே அவர்களுக்கு நேரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதியபோது உங்கள் பேனா ஒரு கணமாவது தயங்கியதா?

அந்தத் துணிகள் எவை என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பத்தையும் கிண்ணத்தையும் வைப்பதற்காகப் பீடத்தில் விரிக்கும் சதுரத் துணி, கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கும் சிறு துணி, குருவானவர் கை துடைக்கும் துணி, பீடத்தை முழுவதுமாக மூடும் நீண்ட வெள்ளை லினன் ஆகியவை அவை. கிண்ணத்துத் துணியில் திராட்சரசக் கறையும், பெண்களின் உதட்டுச் சாயமும் படிந்திருக்கும். முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். லினன் முழுவதும் காய்ந்துவிட்டால் சுருக்கம் போகாது என்பதால் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். பிறகு சதுரத் துணியை மூன்றாகவும், மறுபடி மூன்றாகவும் மடித்து, விரித்தால் ஒன்பது சதுரங்கள் தெரியும்படி அடுக்க வேண்டும். நின்றுகொண்டு, குனிந்து, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. பரிசுத்த வாரத்தில் இந்த வேலை எவ்வளவு கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெரிய வியாழன் இரவு ஆராதனையின் முடிவில் பீடத்தின் மேலுள்ள எல்லாவற்றையும் கழற்றி, அதை வெறுமையாக்கி விடுவீர்கள். பெரிய வெள்ளியன்று அது அப்படியே கிடக்கும். சனிக்கிழமை இரவு ஈஸ்டர் முன்னிரவு ஆராதனைக்கு முன்பு, தூய வெள்ளையில், மடிப்புக் கலையாமல், எல்லாம் மீண்டும் ஏறியாக வேண்டும். இந்த இரண்டு நாள் இடைவெளியில் அந்தத் துணி மூட்டை உங்கள் வீட்டில் யார் கையில் இருந்தது?

பெரிய வியாழன் ஆராதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, குருவானவர் முழங்காலில் நின்று சபை மக்களின் பாதங்களைக் கழுவுகிறார். அதற்கான தண்ணீரையும், பாத்திரங்களையும், துவாலைகளையும் எடுத்து வைத்தது உங்கள் ஆல்டர் கில்டுதான். அந்தத் துவாலைகளையும் பீடத்துத் துணிகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நீங்கள் வீடு திரும்பினீர்கள். வாசலில் காத்திருந்தவரிடம் அந்த மூட்டையைக் கொடுத்தீர்கள். அன்று அந்த வீட்டில் எவர் காலும் கழுவப்படவில்லை. இதை உங்களைப் புண்படுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் இதை எழுதாமல் உங்கள் கேள்விக்கு நேர்மையாக என்னால் பதில் சொல்ல முடியாது.

'நேரம் இருக்கிறது' என்கிறீர்கள். அந்த நேரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? நியூ ஜெர்சியின் பல புறநகர்களில் கார் ஓட்டத் தெரியாதவர் தம் தெருமுனையைத் தாண்டிப் போக முடியாது. ஞாயிறு காலையில் பேருந்தை நம்பிக் கிளம்பவும் முடியாது. ஊரில் இருந்தபோது, மணியோசை கேட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு நடந்தே ஆலயத்துக்குப் போய் வந்த ஒரு பெண்மணி, மகன் வீட்டுக்கு வந்த பிறகு, காரின் சாவி மருமகள் கையில் இருப்பதால் மாதக்கணக்கில் நற்கருணை இல்லாமல் இருக்கிறார். நீங்கள் ஓய்வு என்று எண்ணும் அந்த நேரம், போக வழியில்லாமல் வீட்டில் அடைபட்டிருப்பவரின் நேரம். அதை எடுத்துப் பீடத்துக்குச் செலவு செய்கிறீர்கள்.

அத்தைக்கு ஆங்கிலம் புரியாது என்று நீங்கள் சொல்லக்கூடும்; இதே காரணத்தைச் சொல்லி எழுதிய பலரின் கடிதங்களைப் படித்தவன் நான். 78 வயது என்றால், அவர் பிறந்தது தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947-ஐ ஒட்டிய காலம். அந்த ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் அந்தத் திருச்சபை தொடங்கியபோது, ஆங்கிலிக்கன் மிஷன்களால் வளர்ந்த திருநெல்வேலிச் சபைகளும் அதில் இணைந்தன. ஆகவே அத்தை சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த ஆராதனை ஒழுங்கும், உங்கள் எபிஸ்கோபல் ஆலயத்தில் 1979-ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகத்தை வைத்து நடக்கும் ஒழுங்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பாவ அறிக்கை எப்போது, சமாதான வாழ்த்து எப்போது, அப்பம் பிட்கப்படுவது எப்போது என்பதை மொழி புரியாவிட்டாலும் அவர் அறிவார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தமிழிலேயே வாய்க்குள் சொல்லிக்கொள்வார். ஞானஸ்நானம் பெற்ற எவரையும் அந்தப் பீடத்தண்டைக்கு அழைக்கும் சபை அது. அங்கே அவர் அந்நியர் அல்லர். அவரை அந்நியராக்கியது, நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். எபிஸ்கோபல் திருச்சபையில், பேராயரின் அனுமதி பெற்ற சபை மக்கள், ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் அதே பீடத்திலிருந்து நற்கருணையை எடுத்துக்கொண்டு, நோயாலோ முதுமையாலோ வர இயலாதவர்களிடம் செல்லலாம். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. வர முடியாதவரையும் அந்தப் பந்தியில் உட்கார வைக்கிறது. குருவானவர் உங்களை அழைத்தது உங்கள் மீதுள்ள நம்பிக்கையால்தான். ஆனால் அவருக்கு ஒன்று தெரியாது என்று எண்ணுகிறேன். உங்கள் சபையில் கிறிஸ்துமஸ் முதல் நற்கருணை பெறாத முதியவர் ஒருவர், நீங்கள் படுத்துறங்கும் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறார் என்பதை நீங்கள் அவரிடம் சொன்னீர்களா? முதியோர் இல்லத்தில் உள்ள முன்பின் தெரியாத ஒருவரின் கட்டிலருகே சிறு நற்கருணைப் பெட்டியைத் திறக்கப்போகும் நீங்கள், அதற்கு முன் உங்கள் வீட்டு அறைக் கதவைத் தட்ட வேண்டாமா? அத்தை நடக்க முடியாதவர் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவருக்கு வேண்டியது காரில் ஓர் இருக்கை மட்டுமே.

இது ஆண்டவருக்குச் செய்வது என்கிறீர்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லிவிட்டு, அந்தக் கடனிலிருந்து நழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் அவர்களைப் போல வேண்டுமென்றே செய்தவர் அல்லர். இருந்தாலும் விளைவு ஒன்றுதான். குடும்பத்து மூத்தவருக்குச் சேர வேண்டிய நேரம் சபைக்குப் போகிறது, அதற்கு ஊழியம் என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. ஊழியம் வீட்டிலுள்ள பெரியவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, அவர் உங்களைப் பெற்ற தாய். வீடா, ஆலயமா என்று மனைவியைக் கேட்கும் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாயாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதற்கு எது தடையாக இருந்தது? மனைவி முன்பே கிளம்பிவிட்டால் இரண்டாவது கார் உண்டு, அல்லது அவரை விட்டுவிட்டுத் திரும்பி வர உங்களுக்கு நேரம் உண்டு. இரவு உணவு தாமதமானது உங்களுக்குத் தெரிந்தது. தாயார் நள்ளிரவில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றது தெரியவில்லை. மருமகளின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு மகன் விலகிக்கொள்வது நம் வீடுகளில் நெடுங்காலமாக நடப்பது. அதற்கு நான் துணை போக மாட்டேன்.

சகோதரி, இவ்வளவையும் படித்துவிட்டு ஆல்டர் கில்டிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிவிடாதீர்கள். சபைகள் உங்களைப் போன்றவர்களால்தான் நடக்கின்றன. லில்லித் தொட்டிகளைச் சுமக்கவும், உணவு வங்கியில் டப்பாக்களை அடுக்கவும், விற்பனை மேசையை விரிக்கவும் ஆட்கள் இல்லாவிட்டால், வசந்த காலத்தின் அத்தனை பாடல்களும் வெறும் சத்தமாகிவிடும். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருக்கிறது. அத்தையைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தத் துணிகளை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே திருப்பணி அதுவாக இருக்கலாம். உதட்டுச் சாயக் கறையைப் போக்கி, மடிப்பின் ஓரத்தை விரலால் நீவிவிடும்போது, தாம் காண முடியாத அந்தப் பீடத்தை அவர் மனத்துக்குள் கண்டுகொண்டிருக்கலாம். இதை அவரிடமே கேளுங்கள். செய்ய விருப்பமா, செய்தால் கை வலிக்கிறதா, எத்தனை துணி வரை முடியும் என்று உட்கார்ந்து கேளுங்கள்; சமையலறை வேலைக்கு நடுவில் கேட்காதீர்கள். விருப்பம் என்றால் ஆல்டர் கில்டின் தலைவியிடம் சென்று, நான்கு ஆண்டுகளாக எல்லாரும் உங்களைப் பாராட்டிய அந்த மடிப்புகள் யாருடையவை என்று சொல்லி, பட்டியலில் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால், நீங்களே இரவில் நின்று இஸ்திரி போடுங்கள். அப்போது எத்தனை பணிகளுக்குப் பெயர் கொடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழைய பொருள் விற்பனையிலிருந்து இவ்வாண்டு பெயரை எடுத்துவிடுங்கள்; பயிற்சியை இலையுதிர் காலம் வரை தள்ளி வையுங்கள். காரணத்தைக் குருவானவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார், உங்கள் வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்ப்பார். ஈஸ்டர் அந்த ஒரு ஞாயிறோடு முடிந்துவிடவில்லை; பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை ஐம்பது நாளும் உயிர்த்தெழுந்த பண்டிகையின் காலம்தான் என்பது ஆல்டர் கில்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். அத்தை இந்த ஆண்டின் ஈஸ்டரை இன்னும் முழுதாக இழந்துவிடவில்லை.

உங்கள் முறை இல்லாத ஞாயிறு ஒன்று அதற்குள் வரும். அன்று ஆராதனை நேரத்துக்கே கிளம்புங்கள். அத்தையைக் காரின் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கணவர் பின்னால் உட்காரட்டும். பீடம் நன்றாகத் தெரியும் வரிசையில் உட்காருங்கள். நற்கருணைக்காகப் படியேறி முழங்காலிட அவரால் முடியாது என்று தோன்றினால், வாசலில் நின்று வழிகாட்டும் அஷரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குருவானவர் அப்பத்தை அவர் இருக்கைக்கே கொண்டுவருவார், பின்னால் கிண்ணம் வரும், அதன் விளிம்பைத் துடைக்க, அவர் மடித்துக் கொடுத்த துணியும் கூடவே வரும்.