மருந்துப் பெட்டியைக் கட்டும் முன்: குழந்தைகள் ஊழியம் பற்றி ஒரு நர்ஸின் பதில்கள்

ஸ்தோத்திரம். நான் டாக்டர் இல்லை, நர்ஸ். வெளிநாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டிலும், வாரத்தில் ஒரு நாள் கிராமக் கிளினிக்கிலும் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். மிஷன் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கு உதவப் போக ஆசைப்படுகிறவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த நாடு என்று பலர் கேட்டிருந்தீர்கள். நாட்டைச் சொன்னால் பேச்சு முழுவதும் அந்த நாட்டைச் சுற்றியே போய்விடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

கேள்வி: சபையிலிருந்து பத்துப் பேர் இரண்டு வாரம் மெடிக்கல் கேம்ப்புக்குப் போகிறோம், சிஸ்டர். எனக்குக் கணக்கு வேலைதான் தெரியும். போவதற்குள் ஊசி போடவும் காயம் கட்டவும் கற்றுக்கொண்டால் உதவியாக இருக்குமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்த வேலையைச் செய்ய உங்களை விடமாட்டார்களோ, அதை அங்கேயும் செய்யக்கூடாது. ஏழை வீட்டுக் குழந்தை நாம் கைபழகுவதற்கு இல்லை. டாக்டரும் நர்ஸும்கூட அந்த நாட்டு மெடிக்கல், நர்சிங் கவுன்சிலில் அனுமதி வாங்கித்தான் தொழில் செய்யவேண்டும். மிஷன் கூப்பிட்டது என்பது அனுமதி ஆகாது.

ஆனால் கணக்குத் தெரிந்த ஆளுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. நான் இருந்த இடங்களில் எல்லாம் மருந்து ஸ்டாக் ரிஜிஸ்டர்தான் தீராத தலைவலி. எது எவ்வளவு இருக்கிறது, எது எந்த மாதம் காலாவதியாகிறது என்று ஒருவர் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் சரிசெய்து கொடுத்தால், அடுத்த ஆறு மாதத்துக்கு எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்புறம் எடை பார்ப்பது. அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். ஒவ்வொரு முறையும் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழந்தையை ஏற்றுகிற ஆள் எங்களுக்குத் தங்கம்.

இன்னொன்று: கிளம்பும் முன் அங்கே இருக்கிறவர்களிடம் "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். "இந்த மாதம் வராதீர்கள்" என்று பதில் வந்தால் மனத்தாங்கல் இல்லாமல் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், அக்கா. மிஷன் கிளினிக்கில் அதிகமாக எந்த நோயோடு குழந்தைகள் வருவார்கள்? அதற்கு என்ன படித்துக்கொண்டு போகவேண்டும்?

பதில்: கேள்விப்படாத நோய் எதுவும் இல்லை, தங்கச்சி. வயிற்றுப்போக்கு, நிமோனியா, சில நாடுகளில் மலேரியா. பாதிப் பிள்ளைகளுக்கு இவற்றின் அடியில் ஊட்டச்சத்துக் குறைவு ஒளிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1990களின் நடுவில் கொண்டுவந்த ஐ.எம்.சி.ஐ. என்ற வழிமுறை இருக்கிறது. டாக்டர் இல்லாத இடத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் குழந்தையை எப்படிப் பார்த்து முடிவெடுப்பது என்று படிப்படியாகச் சொல்லும் அட்டவணை அது. அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போ. முதலில் வருவது அபாய அறிகுறிகள்: குடிக்கவோ தாய்ப்பால் உறிஞ்சவோ முடியவில்லை, கொடுத்தது எல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம். இதில் ஒன்று இருந்தாலும் குழந்தை கிளினிக்கில் இருக்கக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வயிற்றுப்போக்கைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அவர் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் மிஷனெரி இல்லை. ஆனாலும் புதிதாக வரும் மிஷனெரிகளுக்கு நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான், ஏனென்றால் வைத்தியத்தை அவர் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அம்மாக்கள் கையில் கொடுத்தார்.

அப்படிக் கரைத்துக் குடிக்கும் தூளான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுதான் நல்லது. இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் அம்மாவைக் கலக்கச் சொல்லி நீ பக்கத்தில் நின்று பார். கூடவே ஜிங்க் மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் என்றால் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பத்து முதல் பதினாலு நாள். போக்கு நின்றதும் அம்மாக்கள் ஜிங்க்கை நிறுத்திவிடுவார்கள், அதனால் நாள் கணக்கைச் சொல்லி அனுப்பு.

கேள்வி: ஊட்டச்சத்து இல்லாத குழந்தையைப் பார்த்தாலே தெரியாதா? எலும்பும் தோலுமாக இருக்குமே?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். போன முதல் மாதம், கன்னம் உப்பி உருண்டையாக இருந்த ஒரு பையனை "இவன் பரவாயில்லை" என்று வரிசையில் பின்னால் உட்காரவைத்துவிட்டேன். அந்த ஊர் சீனியர் நர்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. சதை இல்லை, நீர். அவன்தான் அன்றைக்கு வந்தவர்களில் மோசமான நிலையில் இருந்த குழந்தை.

இந்த நோய்க்குப் பெயர் குவாஷியோர்கர். சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் இன்றைய கானாவில் வேலை பார்த்தபோது, உள்ளூர் அம்மாக்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பதற்கு அவர்களுடைய கா மொழியில் இருந்த சொல் அது. 1935இல் லான்செட் இதழில் அந்தப் பெயரையே போட்டு எழுதினார். தாய்ப்பால் நின்று, மாவுச்சத்து மட்டுமே சாப்பாடு ஆகிவிட்ட பிள்ளைகள். மருத்துவம் கண்டுபிடிக்கும் முன்பே அம்மாக்கள் காரணத்தைப் பேராகவே வைத்திருந்தார்கள்.

அதனால் கண்ணை நம்பாமல் நாடாவை நம்புங்கள். 6 மாதம் முதல் 59 மாதம் வரை உள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுவில் சுற்றளவு பார்க்கவேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் நாடாவில் சிவப்பு, கடுமையான குறைவு. 115க்கு மேல் 125க்குள் மஞ்சள், மிதமான குறைவு. இரண்டு பாதத்திலும் குழி விழுந்தால் நாடா என்ன சொன்னாலும் அது கடுமைதான்.

கேள்வி: அப்படிப்பட்ட குழந்தைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்தால் போதாதா? எங்கள் குழுவில் எல்லோருக்கும் அந்த ஆசைதான்.

பதில்: அந்த ஆசையால் குழந்தை சாகலாம். கடுமையாக மெலிந்த உடம்பில் இதயமும் குடலும் ஒடுங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறையச் சாப்பாடோ, வேகமாகச் சலைனோ போனால் தாங்காது. வார்டில் சேர்க்கவேண்டிய குழந்தைக்கு எஃப்-75 என்ற நீர்த்த பாலை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்போம். ரத்தத்தில் சர்க்கரை குறையாமல், உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்வோம். இவர்களுக்குச் சாதாரண ஓ.ஆர்.எஸ்.கூட உப்பு அதிகம், தனிக் கலவை இருக்கிறது.

பசி எடுக்கிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தை என்றால் வீட்டிலேயே தேற்றலாம். வேர்க்கடலை விழுது, பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின் எல்லாம் சேர்ந்த பாக்கெட் வருகிறது; 92 கிராமில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அதனால் கெட்ட தண்ணீரால் வரும் தொல்லை இல்லை. குழந்தை அதை அப்படியே பிதுக்கிச் சாப்பிடும்.

கேள்வி: சபையில் மீதியான மாத்திரைகள், பால்பவுடர் டப்பாக்கள் எல்லாம் சேர்த்து இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம். எப்படிக் கொண்டுபோவது?

பதில்: கொண்டுபோகாதீர்கள். அட்டை கிழிந்து, பெயர் பாதி தெரிந்து, அந்த ஊர் நர்ஸுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் மாத்திரையைத் தரம் பிரிக்கவே எங்களுக்கு நாள்கணக்கில் ஆகும். கடைசியில் அழிக்கவும் செலவு. நன்கொடை மருந்து போய்ச்சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதிக்கு இருக்கவேண்டும், யாரோ வாங்கிப் பாதி சாப்பிட்டுத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது.

பால்பவுடர் இன்னும் மோசம். இலவச டப்பா தீருவதற்குள் அம்மாவுக்குப் பால் வற்றிவிடும், பிறகு வாங்கப் பணம் இருக்காது, தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார்கள். 1981லேயே தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களைப் பரப்புவது குறித்துச் சர்வதேச விதிமுறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெட்டிக்கு ஆகும் விமானக் கட்டணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: இன்குபேட்டர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று போதகர் ஐயா சொல்கிறார்.

பதில்: ஐயாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மின்சாரம் நிற்காமல் வருமா, உதிரிபாகம் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வராவிட்டால் அது துணி வைக்கும் அலமாரி ஆகிவிடும். பார்த்திருக்கிறேன், உள்ளே படுக்கை விரிப்பு அழகாக மடித்து வைத்திருந்தார்கள். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் குறைமாதக் குழந்தையை அம்மாவின் மார்போடு தோல்மேல் தோல் படக் கட்டிவைக்கும் முறை தொடங்கியது. இன்று எல்லா வசதியும் உள்ள இடங்களுக்கும் அதே கங்காரு முறையைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

கேள்வி: விட்டமின் ஏ, பூச்சி மாத்திரை மட்டுமாவது நாங்களே கொடுக்கலாமா? அதில் என்ன ஆபத்து?

பதில்: உள்ளூர் சுகாதாரத் துறையைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். விட்டமின் ஏ பெரிய அளவில், நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மருந்து. அரசாங்க முகாம் முடிந்த இரண்டாவது வாரம் ஒரு குழு வந்து மறுபடியும் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த நாள் வாந்தியும் தலைவலியுமாகப் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். பிள்ளைகளின் சுகாதார அட்டையைப் பார்த்திருந்தால் போதும்.

கேள்வி: சிகிச்சைக்கு முன் சுவிசேஷம் சொல்வது சரியா? சொல்லாவிட்டால் ஊழியம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: இதற்கு எல்லோரும் ஒத்துப்போக மாட்டீர்கள், தெரியும். என் நிலை இது: காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மா எழுந்து போக முடியாது. போக முடியாதவரிடம் பிரசங்கம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்து, பேச்சைக் கேட்டதற்குக் கூலி ஆகிவிடக்கூடாது. பேரிடர் நிவாரணத்துக்காகச் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் 1994இல் வகுத்த நடத்தை விதியும் உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. பல கிறிஸ்தவ அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. சில நாடுகளில் சட்டமே வேறு. நீங்கள் மீறிவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணைக்குப் போவது உள்ளூர் விசுவாசி.

அதற்காக ஒளியவும் வேண்டாம். நாங்கள் யார் என்று ஊருக்கே தெரியும். காலையில் கிளினிக் திறக்கும் முன் ஊழியர்கள் ஜெபித்தோம். "எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொன்னோம். அம்மா கேட்டுக்கொண்டால் குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தோம், மருந்து கொடுத்த பிறகு. நல்ல சமாரியனைப் பாருங்கள்: காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான், திரும்பி வருகிறேன் என்றான். அந்தக் கடைசிப் பகுதியை நாம் பிரசங்கத்தில் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். குழந்தையைச் சரியான ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பதும், மறுபடி வந்து பார்ப்பதும் அதில் இருக்கிறது.

கேள்வி: அனாதை இல்லத்தில் ஒரு மாதம் குழந்தைகளோடு இருக்க ஆசை, ஆன்ட்டி.

பதில்: உன் மனசு புரிகிறது மகளே. ஆனால் அப்படிப்பட்ட இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள்; வறுமைதான் பிரித்திருக்கிறது. பார்வையாளர் பணம் வருகிறது என்றே பிள்ளை பிடிக்கும் இடங்களும் உண்டு. 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அதில் பேசினார்கள். மாதா மாதம் ஒரு புது அக்கா வந்து தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவது சின்னப் பிள்ளைக்கு நல்லதில்லை. பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கக் குடும்பத்துக்கு உதவும் ஊழியத்தைத் தேடு. எங்கே போனாலும் உன் பின்னணியை விசாரிக்காமல் குழந்தைகளோடு விடுகிற இடம் என்றால், அங்கே போகாதே.

கேள்வி: ஜெபக் கடிதத்துக்குப் போட்டோ எடுக்கலாமா?

பதில்: உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடக்கும்போது எடுக்க விடுவீர்களா? அதே அளவுகோல்தான்.

கேள்வி: எனக்கே என்னென்ன தடுப்பூசி வேண்டும்?

பதில்: பயண மருத்துவரிடம் ஆறு மாதம் முன்பே போங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை முடியவே அவ்வளவு ஆகும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும்; 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடி. மலேரியா மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகள் வார்டுக்கு நீங்களே அதைக் கொண்டுபோகக்கூடாது.

கேள்வி: குழந்தை இறந்துபோனால் எப்படித் தாங்கினீர்கள், அக்கா?

பதில்: சில நாள் தாங்கவில்லை. தாமதமாக வந்த பிள்ளைகள்தான் அதிகம். முதலில் எல்லாம் வசனம் சொல்லி ஆறுதல் படுத்தப் பார்ப்பேன். அப்புறம் அந்த ஊர்ப் பெண்கள் செய்வதைப் பார்த்து, தாயின் பக்கத்தில் பேசாமல் உட்காரக் கற்றுக்கொண்டேன். மறுநாள் டியூட்டிக்குப் போவேன், அங்கே வேறு குழந்தை இருக்கும்.

கேள்வி: பையில் கட்டாயம் இருக்கவேண்டிய ஒரே ஒரு பொருள்?

பதில்: நொடிமுள் உள்ள கைக்கடிகாரம். இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க, சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிஷத்துக்கு 60, ஒரு வயதுக்குக் கீழே 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், முழு நிமிஷமும் எண்ணுங்கள். அழுதால் எண்ணிக்கை தப்பும். அம்மா மடியில் அமைதியாகட்டும், பிறகு முதலிலிருந்து எண்ணுங்கள்.