பெரியம்மான்ர கதையைப் படப் புத்தகமாக்கிறது பற்றி

வணக்கம் தங்கச்சி, 2009 ல முள்ளிவாய்க்கால்ல மகனைத் தொலைச்சிட்டு வந்த உங்கட பெரியம்மான்ர கதையைப் படத்தோட புத்தகமாக்க ஆசை, ஆனா ஃபோன்ல ரெக்கார்ட் போட்ட உடனே அவ வாயே திறக்கிறா இல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். முதல்ல அந்த ஃபோனைத் தூக்கி வையுங்கோ. சாவைப் பற்றிக் கேக்காதேங்கோ, ஒரு கொப்பியும் பென்சிலும் குடுத்து ஊரில இருந்த வீட்டைக் கீறித் தாங்கோ எண்டு கேளுங்கோ. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் இதைத்தான் செய்தவர், இடம்பெயர்ந்த சனங்கள் நினைவில இருந்து கீறின வீட்டுப் பிளானுகளையும் தன்ர ஓவியங்களையும் சேர்த்து 2011 ல புத்தகமாக் கொண்டு வந்தவர். எங்கட அம்மா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில விட்டிட்டு வந்த வீட்டைக் கீறேக்க கிணத்தடியைத்தான் முதல் கீறினவ, துலா எந்தப் பக்கம், உடுப்புத் தோய்க்கிற கல் எங்க எண்டு சொல்லிக்கொண்டே போய் செத்துப்போன தம்பியைப் பற்றித் தானாவே கதைக்கத் தொடங்கிட்டா, நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை.

பெரியம்மா கதையை நிப்பாட்டினா நீங்களும் நிப்பாட்டுங்கோ, புத்தகத்துக்காண்டி அவவை அழ வைக்கிறது சரியே இல்லை. ஊரில இன்னும் சொந்தக்காரர் இருக்கினம் எண்டா பேர், முகம், அடையாளம் தெரியிற எல்லாத்தையும் மாத்துங்கோ, மகன்ர பேரைப் போடச் சொல்லி அவவே கேட்டா அது வேற, போடுங்கோ. அச்சுக்குக் குடுக்க முதல் முழுக்க வாசிச்சுக் காட்டி, அவ வேண்டாம் எண்டதை வெட்டுங்கோ, எவ்வளவு நல்ல படமா இருந்தாலும். இங்கிலிஷில மட்டும் போடாதேங்கோ, அவ வாசிக்கக்கூடின மாதிரி பெரிய எழுத்தில தமிழும் வேணும்.