தோற்று வரும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு செஸ் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் டோர்னமென்டில் தோற்றால் எனக்குப் படபடப்பாகி, கத்திவிடுகிறேன். பயிற்சியாளரின் மனநிலைதான் முக்கியம் என்கிறார்கள். பாடத்தை ஒழுங்காக நடத்தினால் போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. பாடம் இன்று யூடியூபிலேயே கிடைக்கிறது.

குகேஷுக்குச் சிறுவயதில் பயிற்சி கொடுத்தவர் சென்னை கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. எல்லாரும் சிறந்த நகர்வைச் சொல்லிவிடும் கணினி எஞ்சினை வைத்துத் தயாராகும் காலத்தில், பையனை எஞ்சின் பக்கமே விடாமல் சொந்தமாகக் கணக்குப் போட வைத்தார். 2019 ஜனவரியில், 12 வயதில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனது அப்படித்தான். இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவருமா என்பது வேறு பேச்சு. அதற்குப் பின்னால் இருக்கும் நெஞ்சுரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பையன் நாலு போட்டியில் சறுக்கியிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும்? தன் பெயர் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவரால் இப்படி ஒரு முடிவில் வருஷக்கணக்காக நிற்க முடியாது. நம்பி விட்ட பெற்றோரையும் சொல்ல வேண்டும்.

உங்கள் படபடப்பும் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். பிள்ளை தோற்றுவிட்டு, நகர்வுகளை எழுதிய நோட்டேஷன் தாளோடு வெளியே வருகிறான். வாங்கி போனில் இருக்கும் எஞ்சினில் போட்டுப் பார்க்கிறோம். "இங்க குதிரையை ஏன்டா நகர்த்துன?" தலையைக் குனிந்துகொள்கிறான். அந்த இடத்தில் அவன் என்ன யோசித்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. நீங்கள் திருத்த வேண்டியதே அந்த யோசனையைத்தானே! அடுத்த ரவுண்டில் நல்ல நிலையில் இருந்தும் டிரா கேட்டுவிடுவான். வெளியே நிற்கும் உங்கள் முகம் அவன் கண்ணில் நிற்கிறது.

போனைப் பைக்குள் வையுங்கள். பிள்ளை முதலில் சாப்பிடட்டும். அப்புறம் பலகையில் அவனையே காய் நகர்த்தச் சொல்லி, "இங்க என்ன நினைச்சே?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். உங்களுக்கும் பிடிபடாத இடம் வந்தால், "எனக்கும் தெரியலப்பா, சேர்ந்து பார்ப்போம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற சாரிடம் பிள்ளை எதையும் மறைக்காது.

ரேட்டிங் இறங்கிவிட்டதே என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். 2024 உலக சாம்பியன் போட்டியில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றதையும், மூன்றாவது ஆட்டத்தில் வென்றதையும், 14 ஆட்டம் முடிந்தபோது பட்டம் யாரிடம் இருந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.