பரோசா சிராஸ் தொண்டையை எரிக்கிறதா? போத்தலைக் குளிர வையுங்கள்

அவுஸ்திரேலியாவிலிருந்து அக்கா கொண்டுவந்த இரண்டு போத்தல் பரோசா சிராஸில் (சிராஸ் திராட்சையில் செய்த சிவப்பு வைன்) ஒன்றைத் திறந்தோம், சாராயம் மாதிரி எரிந்தது, பழுதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. எரிவை மட்டும் வைத்துப் பழுது என்று நினைக்காதீர்கள்.

பரோசா தென் அவுஸ்திரேலியாவின் வெப்பமான பள்ளத்தாக்கு. அந்த வெயிலில் திராட்சை நன்றாகப் பழுத்துச் சீனி ஏறும். நொதிக்கும்போது அந்தச் சீனிதான் மதுசாரமாகிறது. அதனால் 14, 15 வீதம் அங்கே வழமை, லேபிளைப் பாருங்கள்.

சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடி என்பார்கள். அது குளிர்நாட்டு அறை, 16 முதல் 18 பாகை வரை. கல்லடியில் பகலில் 30 பாகை! அந்தச் சூட்டில் மதுசாரம் குப்பென்று மூக்கில் ஏறி, பழவாசனையை அமுக்கிவிடும்.

சரி, மற்றப் போத்தலைத் தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலுமாரி மேலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். திறப்பதற்கு முன் ஒன்றரை மணித்தியாலம் அளவு பிரிட்ஜில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வேண்டாம். கிளாஸில் கால்வாசி மட்டும் ஊற்றுங்கள். உறைப்பான இறால் குழம்போடு குடித்தால் எரிவு கூடும். மிளகாய் குறைத்துப் பொரித்த மாட்டிறைச்சி அருமையாகச் சேரும். மிஞ்சினால் மூடி பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள்.